மகன் வீட்டில் இருக்கிறேன், ஊரில் காணியும் இருக்கிறது: பென்ஷன் கிரெடிட் கேட்கலாமா?

கிழக்கு லண்டனில் மகனின் குடும்பத்தோடு வசிக்கும் 71 வயது அம்மா ஒருவர் எழுதியிருக்கிறார். 1999இல் அகதியாக வந்தவர்; இப்போது பிரித்தானியப் பிரஜை. கணவர் உயிரோடு இல்லை. முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் 14 வருடம் வேலை செய்து நாஷனல் இன்சூரன்ஸ் கட்டியதற்கு இன்று வாரம் 92.10 பவுண்டு ஸ்டேட் பென்ஷன் (அரச ஓய்வூதியம்) வருகிறது. வேறு வருமானம் இல்லை. வங்கியில் 13,200 பவுண்டு இருக்கிறது. அது "என்ர செத்தவீட்டுச் செலவுக்கு வைச்ச காசு" என்கிறார். யாழ்ப்பாணத்தில் தாய்வழி வந்த வீடு அவர் பெயரில் இருக்கிறது. அதில் கல்யாணமாகாத 74 வயது அக்கா குடியிருக்கிறார். குத்தகைக்கு விட்ட 12 பரப்பு வயலும் உண்டு; அதன் விலை இங்கத்தைய காசில் 12,000 பவுண்டு வரும் என்பது அவருடைய மதிப்பு. இன்னொரு காணியை 2012இல் இளைய மகளுக்குச் சீதனமாக எழுதிவிட்டார். மார்கழி நடுப்பகுதியில் ஊருக்குப் போனால் பத்துக் கிழமை நிற்பது வழக்கம்.

நீரிழிவு, முழங்கால் தேய்மானம், மங்கிய பார்வை. குளிக்க வார்ப்பதும் இன்சுலின் போடுவதும் மருமகள்தான். மகன் நல்ல சம்பளம் எடுப்பதாலும், ஊரில் சொத்து இருப்பதாலும், "எனக்கு ஒண்டும் கிடையாது" என்று பல வருடம் இருந்துவிட்டார். இப்போது தெரிந்தவர்கள் மூன்று யோசனை சொல்கிறார்களாம்: ஊர்ச் சொத்தைப் பற்றிப் பேசாமல் விடு, வயலைப் பேரன் பெயருக்கு மாற்று, மகனுக்கு வாடகை கொடுப்பதாக எழுதி ஹவுசிங் பெனிபிட் (வாடகைக்கு அரசு தரும் உதவி) கேள். எதைக் கேட்பது, எதை விடுவது என்பதுதான் அவர் கேள்வி.

அம்மா, அந்த மூன்று யோசனையையும் விட்டுவிடுங்கள். மூன்றுமே உங்களைச் சிக்கலில் மாட்டுபவை. மூன்றும் இல்லாமலேயே, நீங்கள் எழுதிய விவரங்களின்படி, உங்களுக்கு வாரம் ஏறக்குறைய 107 பவுண்டு பென்ஷன் கிரெடிட், அதாவது வருமானம் குறைந்த முதியவர்களுக்கு அரசு தரும் உதவி, கிடைக்க வேண்டும். அதற்கு மேல், உடல் இயலாமல் பிறர் உதவி தேவைப்படும் முதியவர்களுக்கான அட்டென்டன்ஸ் அலவன்ஸ் தனியாக உண்டு. கீழே நான் தரும் தொகைகள் 2025 ஏப்ரல் முதல் 2026 ஏப்ரல் வரையான வீதங்கள். ஒவ்வொரு ஏப்ரலிலும் தொகை மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

மகனின் சம்பளம் உங்கள் கணக்கில் வராது

நம்மவர்களில் மிக அதிகம் பேரை விண்ணப்பிக்க விடாமல் தடுக்கும் எண்ணம் இதுதான்: ஒரு வீட்டில் இருந்தால் எல்லார் வருமானமும் சேர்த்துப் பார்ப்பார்கள் என்பது. பென்ஷன் கிரெடிட்டுக்கு உங்கள் வருமானத்தையும், கணவரோ துணையோ இருந்தால் அவருடையதையும் மட்டுமே பார்ப்பார்கள். மகன் வருடம் 20,000 எடுத்தாலும் 80,000 எடுத்தாலும் உங்கள் விண்ணப்பத்துக்கு ஒன்றுதான். அவர் கைச்செலவுக்கு உங்களுக்குத் தரும் காசும் வருமானமாகக் கணக்கிடப்படாது. ஆனால் அதைச் சேர்த்து வங்கியில் வைத்தால் சேமிப்பாகிவிடும். மகனோடு கூட்டுக் கணக்கு இருந்தால் அதில் பாதி உங்களுடையது என்று எடுப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

2002ஆம் ஆண்டுச் சட்டப்படி 2003 அக்டோபரில் தொடங்கிய உதவி இது. ஓய்வூதிய வயதைத் தாண்டியவரின் வருமானம் ஒரு குறைந்தபட்ச மட்டத்துக்குக் கீழே இருந்தால் மிச்சத்தை அரசு நிரப்பும். தனி ஆளுக்கு அந்த மட்டம் வாரம் 227.10 பவுண்டு; தம்பதிக்கு 346.60. உங்கள் 92.10 அந்த மட்டத்துக்குப் பாதி கூட இல்லை. 14 வருடம் உழைத்து வரி கட்டிய ஒருவர் இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டிய காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

சேமிப்பைப் பொறுத்தவரை, முதல் 10,000 பவுண்டைத் தொடமாட்டார்கள். அதற்கு மேலுள்ள ஒவ்வொரு 500க்கும், 500இன் ஒரு பகுதிக்கும்கூட, வாரம் ஒரு பவுண்டு வருமானம் வருவதாக எடுத்துக்கொள்வார்கள். "16,000க்கு மேல் இருந்தால் கிடையாது" என்று நீங்கள் கேள்விப்பட்டது, வேலை செய்யும் வயதினருக்கான யுனிவர்சல் கிரெடிட் உதவியின் விதி. பென்ஷன் கிரெடிட்டுக்கு அப்படி உச்சவரம்பு இல்லை.

செத்தவீட்டுக்கென்று ஒதுக்கினாலும் வங்கியில் கிடக்கும் காசு சேமிப்புத்தான். மனதில் வைத்த பெயரை அவர்கள் பார்ப்பதில்லை. அதே காசில் முறையான ஈமச்சடங்குத் திட்டம் ஒன்றை முன்கூட்டியே வாங்கியிருந்தால் அதன் பெறுமதி கணக்கில் வராது. நீங்கள் உண்மையிலேயே அப்படி ஒன்று வாங்க நினைத்திருந்தால் வாங்கலாம். 3,500 பவுண்டுத் திட்டமென்றால் உங்கள் கிரெடிட் வாரம் 7 பவுண்டு கூடும். நிதி நடத்தை ஆணையத்தின் அனுமதி பெற்ற நிறுவனமா என்று பார்த்து வாங்குங்கள். இந்த 7 பவுண்டுக்காக மட்டும் அவசரப்பட்டு வாங்க வேண்டாம். தாலிக்கொடி, காப்பு, சங்கிலி எல்லாம் உங்கள் சொந்த உடைமைகள். அவற்றைச் சேமிப்பாகப் பார்ப்பதில்லை.

ஊர் வீடும் வயலும்

நீங்கள் அதிகம் பயந்தது வீட்டுக்கு. நல்ல செய்தியும் அதில்தான் இருக்கிறது. நெருங்கிய உறவினர் ஒருவர் ஒரு வீட்டைத் தன் குடியிருப்பாகக் கொண்டிருந்து, அவர் பென்ஷன் கிரெடிட் வயதைத் தாண்டியவராகவோ உடல் இயலாதவராகவோ இருந்தால், அந்த வீட்டின் முழுப் பெறுமதியும் கணக்கிலிருந்து விலக்கப்படும். அக்காவுக்கு 74 வயது. கூடப்பிறந்தவர் நெருங்கிய உறவினர். வீடு பிரித்தானியாவுக்குள் இருக்க வேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை. ஆகவே வீட்டைச் சொல்லுங்கள், அதோடு யார் குடியிருக்கிறார், அவர் வயது என்ன, உங்களுக்கு என்ன முறை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்த இரண்டாவது பாதியைச் சொல்லாமல் விட்டால் அதிகாரி வெறும் "வேறு சொத்து" என்று பதிந்து முழு விலையையும் போட்டுவிடுவார். அக்காவின் அடையாள அட்டைப் பிரதியும், அவர் அங்கே வசிப்பதற்குக் கிராம சேவையாளர் தரும் வதிவிடச் சான்றும், ஆங்கில மொழிபெயர்ப்போடு கையில் இருக்கட்டும். அக்காவுக்குப் பிறகு வீடு வெறுமையானால் அந்த விலக்கு முடிந்துவிடும். அதை அறிவிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

வயல் கணக்கில் வரும். அந்த நாட்டுச் சந்தையில் இன்று என்ன விலை போகுமோ அதிலிருந்து, விற்கும் செலவுக்காகப் பத்து வீதத்தைக் கழிப்பார்கள். ஈடு வைத்த கடன் இருந்தால் அதையும் கழிப்பார்கள். 12,000இல் 1,200 போனால் 10,800. விற்ற காசை அந்த நாட்டிலிருந்து கொண்டுவரச் சட்டத் தடை இருக்கும் நிலையில் கணக்கு வேறு: இங்குள்ள ஒருவர் அந்தச் சொத்தை என்ன விலைக்கு வாங்க முன்வருவார் என்று பார்ப்பார்கள். அது பெரும்பாலும் மிகக் குறைவு. வயலின் குத்தகைக் காசைத் தனி வருமானமாக இன்னொரு முறை சேர்ப்பதில்லை.

காணியின் விலையை நீங்களாக ஊகித்துச் சொல்வதைவிட, ஊரில் ஒரு மதிப்பீட்டாளரிடம் கடிதம் வாங்குவது நல்லது. கொழும்பு விலையையோ, வீதிக்கரைக் காணி விலையையோ நெல்வயலுக்குச் சொல்லி நட்டப்படுபவர்கள் இருக்கிறார்கள். சகோதரர்களோடு பிரிக்கப்படாத பங்காக இருந்தால் உங்கள் பங்கை மட்டும் யார் வாங்குவார், என்ன விலைக்கு என்பதுதான் கேள்வி. இதை வாசிக்கும் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கு ஆட்களுக்கும் ஒன்று: 1990இலிருந்து இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்து இன்னும் விடப்படாத காணிக்குச் சந்தை விலை என்று ஒன்று இல்லாமலே இருக்கலாம். காணி உறுதிப் பிரதியோடு அந்த நிலைமையை எழுத்தில் கொடுங்கள்.

இனி உங்கள் கணக்கு. வங்கி 13,200, வயல் 10,800, மொத்தம் 24,000. பத்தாயிரத்தைக் கழித்தால் 14,000. அதில் 28 ஐந்நூறுகள். ஆகவே வாரம் 28 பவுண்டு வருமானமாக எடுப்பார்கள். 92.10உடன் 28 சேர்ந்தால் 120.10. இதை 227.10இலிருந்து கழித்தால் 107 பவுண்டு. வருடத்துக்கு 5,564. வயலே இல்லாவிட்டால் 128 வந்திருக்கும். அதாவது நீங்கள் மறைக்கவும் மாற்றவும் யோசிக்கும் அந்த வயலால் குறைவது வாரம் 21 பவுண்டுதான். அந்த 21க்காக மீதி 107ஐயும் பணயம் வைக்கக் கூடாது.

பேரன் பெயருக்கு எழுதினாலும் பலன் இல்லை. கிரெடிட் கிடைப்பதற்காகவோ கூட்டுவதற்காகவோ சொத்தைக் கைமாற்றினால், அது இன்னும் உங்களிடம் இருப்பதாகவே கணக்கிடுவார்கள். வயலும் போய், 21 பவுண்டும் வராது. 2012இல் கொடுத்த சீதனம் வேறு கதை. இத்தனை வருடத்துக்கு முந்தியதைக் கேட்கக் கூடாது என்ற காலவரம்பு இல்லை என்பது உண்மை. ஆனால் கொடுத்த நோக்கம் என்ன என்பதுதான் கேள்வி. அன்று உங்களுக்கு 58 வயது, பென்ஷன் வயதுக்குப் பல வருடம் இருந்தது, மகளின் கல்யாணம் நடந்தது. சீதன உறுதியின் திகதியும் கல்யாணப் பதிவின் திகதியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அதுவே போதிய விளக்கம். கேட்டால் மட்டும் கொடுங்கள், ஆனால் கேட்கும் நாளுக்குத் தயாராக வைத்திருங்கள்.

சொத்தைச் சொல்லாமல் விட்டு, பின்னால் தெரியவந்தால், கூடுதலாகக் கொடுத்த அத்தனை காசையும் திருப்பிக் கேட்பார்கள். தெரிந்தே மறைத்தது என்று வந்தால் அது குற்றமாகவும் ஆகலாம். ஊர் வங்கியில் நிலையான வைப்பு ஏதும் இருந்தால் அதையும் சொல்லியே ஆக வேண்டும்.

வாடகை யோசனையைப் பற்றி ஒரு வரி: நெருங்கிய உறவினர் வீட்டுக்காரராக இருந்து, அவரும் நீங்களும் ஒரே வீட்டில் வசித்தால் ஹவுசிங் பெனிபிட் கிடையாது. ஒப்பந்தம் எழுதினாலும் கிடையாது.

பத்துக் கிழமைப் பயணம்

நாட்டை விட்டு வெளியே போகும்போது, நாலு வாரத்துக்குள் திரும்புவதாக இருந்தால் பென்ஷன் கிரெடிட் தொடரும். கிளம்பும்போதே அதைவிடக் கூட நிற்கத் திட்டமிருந்தால், நாலு வாரம் தந்துவிட்டு நிறுத்துவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, கிளம்பிய நாளிலிருந்தே உரிமை போய்விடும். நெருங்கிய உறவினர் இறந்து, நாலு வாரத்துக்குள் திரும்புவது நியாயமில்லை என்றால் எட்டு வாரம் வரை இடமுண்டு. மருத்துவ சிகிச்சைக்காகப் போனால் 26 வாரம் வரை.

உங்கள் பத்துக் கிழமைக்கு விலை 1,070 பவுண்டு. திரும்பி வந்தபின் புதிதாக விண்ணப்பிக்கவும் வேண்டும். போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். 74 வயது அக்காவோடு இருக்கக் கிடைக்கும் நாட்களுக்கு நீங்கள்தான் விலை போட வேண்டும். ஆனால் போகுமுன் திகதிகளை அறிவித்துவிட்டுப் போங்கள், திரும்பிய அன்றே மறுபடி அழையுங்கள். ஸ்டேட் பென்ஷன் எப்படியும் வந்துகொண்டிருக்கும்.

இதனால்தான் விண்ணப்பத்தைப் பயணத்துக்கு முந்திப் போடச் சொல்கிறேன். பென்ஷன் கிரெடிட்டை மூன்று மாதம் பின்னோக்கிக் கேட்கலாம். அந்த மூன்று மாதமும் தகுதி இருந்திருக்க வேண்டும். இப்போது கேட்டால், நீங்கள் இங்கேயே இருந்த 13 வாரத்துக்கு ஏறக்குறைய 1,391 பவுண்டு நிலுவையாக வரும். மாசியில் திரும்பி வந்து கேட்டால், அந்த மூன்று மாதத்தில் பெரும்பகுதி நீங்கள் யாழ்ப்பாணத்தில் நின்ற காலம். அதற்கு ஒன்றும் இல்லை. நிலுவையாக வரும் தொகையை ஒரு வருடத்துக்குச் சேமிப்பாகக் கணக்கிட மாட்டார்கள்.

அட்டென்டன்ஸ் அலவன்ஸ்

இதை நீங்கள் கேட்கவே இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதி முழுக்க இதுதான். ஓய்வூதிய வயதுக்கு மேற்பட்டவருக்கு உடல்நிலை காரணமாக ஆறு மாதமாவது பிறர் உதவி தேவைப்பட்டிருந்தால் கேட்கலாம். வருமானம், சேமிப்பு, காணி எதையும் பார்ப்பதில்லை. பகலிலோ இரவிலோ தேவை என்றால் வாரம் 73.90, பகலும் இரவும் என்றால் 110.40. இது வந்தாலும் பென்ஷன் கிரெடிட்டில் ஒரு சதம் குறையாது.

இந்தப் படிவத்தில் தோற்பவர்கள் நோய் குறைந்தவர்கள் அல்ல, மானம் கூடியவர்கள். "தனியாகக் குளிக்க முடியுமா?" என்றால் "சமாளிப்பன்" என்று எழுதிவிடுகிறார்கள். சமாளிப்பது எப்படி என்று எழுதுங்கள்: தொட்டிக்குள் கால் தூக்கி வைக்க முடியாது, மருமகள் பிடிக்க வேண்டும், இருபது நிமிடம் எடுக்கும், போன மாதம் இருமுறை வழுக்கியது. இன்சுலின் ஊசியின் அளவுக் கோடு தெரிவதில்லை, நாளுக்கு இத்தனை தரம் அவர்தான் போடுகிறார். இரவில் கழிவறைக்கு எத்தனை முறை எழுகிறீர்கள், யார் எழுப்பிவிடுகிறார். சமைப்பதும் கடைக்குப் போவதும் வீடு கூட்டுவதும் இதில் எடுபடாது. உடம்போடு சம்பந்தப்பட்ட உதவிதான் கணக்கு. நல்ல நாளை எழுதாமல் முடியாத நாளையும், அது வாரத்தில் எத்தனை வருகிறது என்பதையும் எழுதுங்கள். உதவி இப்போது கிடைக்கிறதா என்பதைவிட, தேவைப்படுகிறதா என்பதுதான் அளவுகோல்.

இதற்குப் பின்னோக்கிய காலம் கிடையாது. 0800 731 0122 என்ற இலக்கத்தில் படிவம் கேளுங்கள். கேட்ட திகதியை அதில் பொறித்து அனுப்புவார்கள். ஆறு வாரத்துக்குள் நிரப்பித் திருப்பினால் கேட்ட நாளிலிருந்தே கணக்கு. தற்காலிகமாக வெளிநாடு போனால் 13 வாரம் வரை இது தொடரும், ஆகவே உங்கள் பயணம் இதைப் பாதிக்காது.

இது கிடைத்தபின் மருமகளுக்கும் ஒரு வாசல் திறக்கிறது. வாரம் 35 மணி நேரமாவது உங்களைப் பார்த்துக்கொண்டு, வரி முதலியவை போக வாரச் சம்பளம் 196 பவுண்டுக்கு மேற்படாமல் இருந்தால், அவர் பராமரிப்பவருக்கான கேரர்ஸ் அலவன்ஸ் வாரம் 83.30 கேட்கலாம். 196ஐ ஒரு பவுண்டு தாண்டினாலும் முழுத் தொகையும் போய்விடும். ஓவர்டைம் செய்யும் வாரங்களில் கவனம். அட்டென்டன்ஸ் அலவன்ஸ் எடுத்துக்கொண்டு தனியாக வசிப்பவர்களுக்குப் பென்ஷன் கிரெடிட்டோடு வரும் 82.90 கூடுதல் தொகை, வேலை செய்யும் வயதுப் பிள்ளைகளோடு வசிப்பதால் உங்களுக்கு வராது. அதைக் கேட்டு அலைய வேண்டாம்.

தொலைபேசியை எடுக்கும்போது

பென்ஷன் கிரெடிட் இலக்கம் 0800 99 1234, இலவசம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேளுங்கள், இணைப்பில் கொண்டுவருவார்கள். மகன் பக்கத்தில் இருந்து உதவலாம், ஆனால் முதலில் நீங்கள் பேசி அனுமதி கொடுக்க வேண்டும். நாஷனல் இன்சூரன்ஸ் இலக்கம், வங்கி விவரம், கடைசி ஸ்டேட் பென்ஷன் கடிதம், எல்லாச் சேமிப்பின் இன்றைய தொகை, ஊர்ச் சொத்தின் விவரம், கடந்த பயணங்களின் திகதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி முன்னால் வையுங்கள். "மூன்று மாதம் பின்னுக்கு வேண்டும்" என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். மேலதிக ஆவணம் கேட்டால் ஒரு மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.

கிரெடிட் வந்ததும் பல் வைத்தியம் இலவசமாகும். மருந்தும் கண் பரிசோதனையும் 60 வயதிலிருந்தே இங்கிலாந்தில் இலவசம், பல் அப்படியில்லை. நீங்கள் தள்ளிப்போட்டு வரும் பல்லை அப்போது பார்க்கலாம். கண்ணாடிக்கு வவுச்சரும், மருத்துவர் அனுப்பி ஆஸ்பத்திரிக்குப் போகும் பயணச் செலவும் கிடைக்கும். கடுங்குளிர் ஏழு நாள் தொடர்ந்தால் 25 பவுண்டு தானாக வரும். 150 பவுண்டு வார்ம் ஹோம் தள்ளுபடி மின்கட்டணம் யார் பெயரிலோ அவருக்குத்தான். உங்கள் வீட்டில் அது மகன் பெயரில் இருக்கும், ஆகவே வராது. 75 வயதானதும் தொலைக்காட்சி உரிமத்தை உங்கள் பெயரில் இலவசமாக எடுக்கலாம்.

முடிவுக் கடிதத்தில் முதலில் பார்க்க வேண்டியது வீட்டின் விலையைச் சேர்த்துவிட்டார்களா என்பதை. சேர்த்திருந்தால் கடிதத் திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். அதிலும் மறுத்தால் அடுத்த ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஏஜ் யூகே, சிட்டிசன்ஸ் அட்வைஸ் ஆகிய தொண்டு நிறுவனங்களில் கட்டணமில்லாமல் எழுதித் தருவார்கள்.

உங்கள் கடிதத்தைப் பார்த்துவிட்டு, அண்மையில் பிள்ளைகள் ஸ்பொன்சர் செய்து அழைத்த பெற்றோர் யாரும் இதே இலக்கத்தை அழைத்துவிடக் கூடாது. பராமரிப்பேன் என்று பிள்ளை எழுதிக்கொடுத்து வந்தவர்களுக்குப் பொதுவாக ஐந்து வருடம் வரை இந்த உதவி கிடையாது. கேட்பது விசாவையே பாதிக்கலாம். நீங்கள் பிரஜை, இங்கேயே வசிப்பவர். உங்களுக்கு அந்தத் தடை இல்லை. இரண்டு இலக்கத்தையும் ஒரே நாளில் அழைத்துவிடுங்கள், பயணச்சீட்டை அதற்குப் பிறகு எடுக்கலாம்.